ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

கணினியில் வரையப் பழகுகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், ‘ரீஜென்’ கட்டளையைச் சும்மா சும்மா தட்டாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். கோடுகளை அழித்த இடத்தில் திரையில் அங்கங்கே புள்ளி மிச்சம் இருந்தால் ‘ரீட்ரா’ போதும், ஒரு நொடியில் துடைத்துவிடும். ரீஜென் தட்டினால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் படம் முழுவதையும் முதலிலிருந்து கணக்குப் போட்டு வரைய ஆரம்பிக்கும். நாம் டீ குடித்துவிட்டு வரலாம். இது நன்றாகத் தெரிந்தும் நான் தட்டிக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் மேசையில் தாளம் போடும். கோயிலில் முட்டி போட்டிருக்கும்போதுகூட அம்மா என் முழங்காலில் ஒரு அடி வைப்பாள்.

இது எண்பதுகளின் கடைசியில். வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டுக்குப் போகிற வழியில், ரோட்டை ஒட்டி இருந்த ஓர் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. குடோன்களுக்கும் அரிசி மில்களுக்கும் இரும்புக் கூரை செய்து கொடுக்கிற இடம். பின்பக்கம் வெல்டிங்கும் கடைசலும், முன்பக்கம் இரண்டு அறை ஆபீஸ். நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு டிரேசராகச் சேர்ந்திருந்தேன். பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து இங்க் பேனாவால் படியெடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதான் எனக்கு வரவில்லை. என் உள்ளங்கை வேர்க்கும். எல்லாருக்கும் வேர்க்கிற மாதிரி இல்லை, சொட்டும். கையை வைத்த இடமெல்லாம் பேப்பர் உப்பிக்கொள்ளும், அதன் மேல் இழுத்த இங்க் இழுகிக்கொண்டு போகும். கையடியில் துணி போட்டுப் பார்த்தேன், பவுடர் போட்டுப் பார்த்தேன். பவுடர் பேனாவில் அடைத்துக்கொண்டது. மூன்றாவது ஷீட்டும் வீணான அன்று, எங்கள் முதலாளியான இன்ஜினியர் சார் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்த வேல உனக்கு ஒத்து வராதும்மா” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவப்பட்டுச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் வந்தது. விற்றவர் ஒருநாள் வந்து, போடவும் அணைக்கவும் ஒரு கோடு இழுக்கவும் காட்டிவிட்டு, நாற்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்த கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் நாலு பக்கம் காணோம். அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. நான் தொட்டேன். கீபோர்டு வேர்த்தால் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொள்ளலாம், கோடு இழுகாது. முதல் நாள் திரையில் ஒரு சதுரம் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையால் வந்த முதல் சுத்தமான சதுரம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கம் காணாமல் போன கட்டளைகளை நானே தேடிப் பிடித்தேன். கட்டளை கேட்கிற இடத்தில் ஒரு கேள்விக்குறி தட்டினால் எல்லாக் கட்டளைகளின் பெயரையும் அதுவே வரிசையாகச் சொல்லும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எது என்ன செய்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கடைசிக் கட்டளை திரும்ப வரும். எஃப் எட்டைத் தட்டினால் கோடு நேராகவே போகும், நாம் கையை ஆட்டினாலும் அது ஆடாது. என்னைப் போன்றவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முடிக்கும்போது ‘எண்ட்’ போட்டால் சேமித்துவிட்டு மூடும், ‘க்விட்’ போட்டால் செய்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று சொல்லி, ஒரு நாள் வேலையைப் பறிகொடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

நல்லவாட்டில் மீன் இறக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஐஸ் பிளான்ட் கட்டப் போகிறார் என்று ஒரு வேலை வந்தது. பன்னிரண்டு ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்குகிற முக்கோண இரும்புச் சட்டம், வைத்த பெரிய கூரை. சார் என்னைக் கூப்பிட்டு, “இத கம்ப்யூட்டர்ல போடு. சுத்தமா வந்துச்சுன்னா கம்ப்யூட்டர் சீட்டு உனக்கு. இல்லன்னா கம்ப்யூட்டர டவுன்ல என் மச்சான் ஆபீசுக்கு அனுப்பிடுவேன். அங்க கோர்ஸ் படிச்ச பையன் இருக்கான்” என்றார். நான் என்ன ஆவேன் என்று அவர் சொல்லவில்லை. டிரேசிங் மேசைக்குத் திரும்ப முடியாது. வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதை வரைந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. பஸ்ஸில் போகும்போதுகூட மடியில் விரல் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

அந்த வேலையில் எனக்குத் துணையாக இருந்தவர் மேஸ்திரி. ஒர்க்‌ஷாப்பில் வெட்டுவது, ஓட்டை போடுவது, பற்ற வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நாற்பது வயது இருக்கும். நான் அண்ணே என்பேன். எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வருவார், திரைக்கு ஒரு முழம் தள்ளி நிற்பார். “அந்த ஜாயின்ட்ட கொஞ்சம் பெருசாக்கும்மா” என்பார். ஜூம் தட்டி, டபிள்யூ தட்டி, இரண்டு மூலையைக் காட்டினால் அந்த இடம் மட்டும் திரை முழுக்க வரும். அவருக்கு அது அலுக்கவே அலுக்காது. ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டு, “இங்க ஸ்பேனர் எப்படிம்மா நொழையும்? கைய வுட்டுப் பாத்தியா?” என்றார். நான் எங்கே கையை விடுவது? ஆனால் அவர் சொன்னது சரி. போல்ட்டைத் தள்ளி வைத்தேன். கூரை வரைபடத்தில் யாரோ ஒருவருடைய கை போய் வர இடம் வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

வரைபடம் முடிந்த மறுநாள் ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்கில் மென்பொருளுக்கே இடம் போதாது, அதனால் வரைபடம் ஃபிளாப்பியில்தான். ஒன்று அசல், ஒன்று நகல். இரண்டும் ஒரே டப்பாவில். நகலை அசலோடு ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது என்பதை இன்று யாரிடமும் தலை தலையாய் அடித்துக்கொண்டு சொல்வேன், அன்று எனக்கு அது தெரியாது.

மத்தியானம் மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தோடு வந்து மோதிர விரலால் தொட்டுத் தொட்டு, கம்ப்யூட்டர் நெற்றியில், கீபோர்டு ஓரத்தில், மேசையில், என் நாற்காலியில்கூடப் பொட்டு வைத்தார். பிறகு வாசலில் பூசணிக்காய் உடைக்க எல்லாரும் போய்விட்டார்கள். கிண்ணம் மேசை மேலேயே இருந்தது. நான் மட்டும் உள்ளே இருந்தேன். நாற்காலிக்குப் பொட்டு இருக்கிறது, ஸ்விட்ச் போர்டுக்குப் பொட்டு இருக்கிறது, என் மூன்று வாரப் பாடு இருக்கிற ஃபிளாப்பிக்கு இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மாதாவிடம் நவநாள் வேண்டிக்கொண்டு வந்தவள்தான் நான், இருந்தாலும் எந்தப் பக்கத்திலிருந்து என்ன உதவி வந்தாலும் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு ஃபிளாப்பியையும் உறையிலிருந்து எடுத்தேன். உறையின் பின்னால் காந்தம், வெயில், மடிப்பு என்று சின்னச் சின்னப் படங்களாகப் போட்டு அடித்திருந்தார்கள். ஒரு விரல் படமும் இருந்தது, அதையும் அடித்திருந்தார்கள். வேர்வைக் கையால் தொடாதே என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் கைக்கு அதைத் தவிர வேறு என்ன சொல்வார்கள்? அதனால் கட்டைவிரலைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். சந்தனத்தைத் தொட்டு, கறுப்பு அட்டையில் நீளமாக ஒரு துவாரம் இருக்கிறதே, உள்ளே வட்டு பளபளப்பாகத் தெரியுமே, அங்கே அழுத்தி ஒன்று வைத்தேன். அதுதான் அதன் முகம் என்று நினைத்தேன். இரண்டையும் உறையில் போட்டு, டப்பாவில் வைத்து, கண்ணை மூடி ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொன்னேன்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து சார் கம்ப்யூட்டரைப் போட்டார். நான் ஃபிளாப்பியைச் செருகினேன். கரகரவென்று சத்தம். படிக்க முடியவில்லை, நிறுத்தவா, மறுபடி பார்க்கவா, விட்டுவிடவா என்று திரை கேட்டது. மறுபடி என்று தட்டினேன். மறுபடி, மறுபடி, மறுபடி. நகலைப் போட்டேன், அதற்கும் அதே சத்தம். சார் அதை வெளியே இழுத்து உறையைக் கழற்றினார். காய்ந்த சந்தனம் அவர் வேட்டியில் உதிர்ந்தது.

“மேஸ்திரி!” என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே வெல்டிங் நின்றுவிட்டது.

மேஸ்திரி வந்தார். பின்னால் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். “யோவ், பொட்டு வைக்க வேற எடம் கெடைக்கலியா உனக்கு? இதும் மேல வச்சிருக்கியே, மூணு வார வேலைய்யா!” சார் என் பக்கம் கையைக் காட்டினார். “இந்தப் பொண்ணு சர்ச்சுக்குப் போறது, பொட்டு சந்தனம்னா அதுக்கு இன்னா தெரியும், பாவம், எப்படி நிக்குது பாரு!”

எங்கள் ஊரில் மாதா தேர் புறப்படும்போது வாசலில் சந்தனம் வைத்துக்கொண்டு நிற்கிறவளே நான்தான். வாயைத் திறந்து, நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மச்சான் ஆபீசும் கோர்ஸ் படித்த பையனும் கண் முன்னால் வந்தார்கள். நான் நின்றேன்.

மேஸ்திரி ஃபிளாப்பியை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அதைத் திருப்பிக் கொடுத்தார். “தப்புதான் சார்” என்றார்.

“இனிமே இந்த ரூமுக்குள்ள காலு வைக்காத. டிராயிங் பாக்கணும்னா வெளிய நின்னு பாரு.”

அன்று மத்தியானம் மேஸ்திரி ஜன்னல் வழியாக ஒரு காகிதத்தை நீட்டினார். பாதி வேலையில் நான் அவருக்கு எடுத்துக் கொடுத்த ரஃப் பிரிண்ட். டூல் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருந்திருக்கிறார், எண்ணெய்க் கறை பட்டிருந்தது. “அளவெல்லாம் இதுல கீது. மறுபடியும் போட்டுடு” என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஐஸ் பிளான்ட்காரருக்கு வரைபடம் கொடுக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. சார் டிரைவின் உள்ளே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் கொடுத்தார். புது ஃபிளாப்பி பிரித்தேன். மூன்று வாரத்தில் போட்டதை மூன்று நாளில் போட வேண்டும் என்றால் போன தடவை மாதிரி ஒவ்வொரு கோடாக இழுக்க முடியாது. அப்போதுதான் அந்த மென்பொருளை உண்மையிலேயே கற்றுக்கொண்டேன். பாதி ட்ரஸ்தான் வரைந்தேன், மறு பாதியை ‘மிரர்’ வரைந்தது. எழுத்துகளும் தலைகீழாகத் திரும்பிக்கொண்டதைப் பார்த்துப் பதறிப்போய், எழுத்தைத் திருப்பாதே என்று சொல்ல ஒரு தனி வழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒரு ட்ரஸ்ஸை ‘அர்ரே’ பன்னிரண்டாக்கியது. படத்தைக் கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கடுக்காகப் பிரித்தேன்: ‘எல்’ வடிவ ஆங்கிள் இரும்புக்கு ஒரு லேயர், தகட்டுக்கு ஒரு லேயர், அளவுகளுக்கு ஒரு லேயர். வேண்டாத லேயரை ‘ஃப்ரீஸ்’ தட்டி உறைய வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும். எல்லாவற்றையும் உண்மையான அளவில் வரைந்தேன், காகிதத்தில் போடும்போது சுருக்கிக்கொள்ளலாம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ். போல்ட் ஓட்டையை ஒரே ஒரு தடவை வரைந்து ‘பிளாக்’ ஆக்கினேன், முத்திரை மாதிரி வேண்டிய இடத்திலெல்லாம் அதைக் குத்திக்கொள்ளலாம். எந்தப் புள்ளியைப் பிடித்து வைப்பது என்று அது கேட்டது. வட்டத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அளவுகளை நான் தட்டவில்லை, கோட்டைக் காட்டினால் கம்ப்யூட்டரே அளந்து எழுதிவிடும்.

மூன்றாம் நாள் மாலை ஃபிளாப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன். அங்கே பிளாட்டர் வைத்திருந்த ஒரே இடத்தில் பேனா தானாக ஓடி வரைவதைக் கண் கொட்டாமல் பார்த்தேன். ஒரு இழுகல் இல்லை. ஐஸ் பிளான்ட்காரர் ஷீட்டை விரித்து, “அச்சடிச்ச மாதிரி இருக்கே” என்றார். சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சீட் எனக்கு என்று ஆனது.

சந்தோஷமாக இருந்தேனா என்றால், இல்லை. மழைக்காலம் முழுக்க மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் வரைபடம் பார்த்தார். மழை பெய்தால் தலையில் சாக்கு. கம்ப்யூட்டரை எவ்வளவு திருப்பினாலும் திரையில் வெளிச்சம் பட்டுக் கூசும். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “சரிம்மா, சரியாத்தான் இருக்கும்” என்று போய்விடுவார். பெரிதாக்கச் சொல்வதையே விட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன், தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன். ரீஜென் தட்டுவேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

மழை விட்டு, பொங்கலுக்கு அப்புறம்தான் ஐஸ் பிளான்ட் இரும்பு வெட்ட ஆரம்பித்தார்கள். சாம்பல் புதன் அன்று காலை பூசைக்குப் போய், சாமியார் நெற்றியில் பூசிய சாம்பலோடு நேரே வேலைக்கு வந்தேன். மேஸ்திரி ஜன்னலில் நின்றிருந்தார். கையில் ஒரு ஸ்பேனர்.

“போல்ட்டு பூட்ட முடியலம்மா. ஸ்பேனர் திரும்பல. ஓட்டை ஆங்கிளோட முட்டிக்கினு நிக்குது.”

“எந்த ஜாயின்ட்டுண்ணே?”

“எல்லாம்.”

வரைபடத்தைத் திறந்து ஜூம் போட்டேன். ஓட்டையின் நடுவைப் பிடித்து வைக்க வேண்டிய பிளாக்கை விளிம்பைப் பிடித்து வைத்திருந்தேன். ஒன்பது மில்லி. ஒவ்வொரு ஓட்டையும் ஒன்பது மில்லி ஆங்கிள் பக்கம் நகர்ந்திருந்தது. ரஃப் பிரிண்டில் இருந்த அளவு வேறு. நான் ஒத்துப் பார்க்கவே இல்லை. கோடு தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் அந்தத் தப்பைத்தான் ஒழுங்காக அளந்து எழுதும். மிரர் அதை இரண்டாக்கி, அர்ரே பன்னிரண்டு ட்ரஸ்ஸுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. பிளாக்கை ஒரு இடத்தில் திருத்தினால் படத்தில் எல்லா ஓட்டையும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். வெளியே இரும்பில் போட்ட ஓட்டை சரியாகாது. பழையபடி அவர் உள்ளே வந்து நின்றிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்.

“சாருக்குத் தெரியுமா?” என்றேன்.

“இன்னும் இல்ல. நான் டிராயிங்க சரியா பாக்காம வெட்டிட்டேன்னு சொல்லிக்கிறேன். ஓட்டையெல்லாம் வெல்டு வச்சி அடச்சி மறுபடி போட்டா ஆச்சு.” அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். “உங்க சாமியாரு கட்டவெரல்லதான் வைப்பாரா?”

“ஆமாண்ணே.”

“நாங்க மோதர வெரல்ல வைப்போம்” என்றார். “அன்னிக்கி டிஸ்க்குல இருந்ததும் கட்டவெரலு. ரேகைகூடத் தெரிஞ்சிது.”

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. “தெரிஞ்சிக்கினேவா அண்ணே வாங்கிக் கட்டிக்கினீங்க?”

“என்னிய இன்னா பண்ணுவாரு? திட்டுவாரு. வெல்டிங்குக்கு வேற ஆளு கெடைக்க மாட்டான். உன்னிய வூட்டுக்கு அனுப்பிடுவாரு” என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். “நீ சொல்லாத. ஆனது ஆச்சு.”

நான் எழுந்தேன். இந்தத் தடவை தண்ணீர் குடிக்கப் போகவில்லை. சார் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், முதலில் ஓட்டையை, பிறகு பொட்டை. மூச்சு விடாமல் சொன்னேன், விட்டால் நின்றுவிடுவேன் என்று பயம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார்.

“ஒரே நேரத்துல ரெண்டு தப்பு சொல்ற” என்றார். “எதுக்குன்னு உன்னத் திட்டறது?”

“என் சீட்டு சார்...”

“அத அப்புறம் பேசிக்கலாம்.” எழுந்து வாசல் வரைக்கும் போய் நின்றார். ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. என் பக்கம் திரும்பி, “நீயே போயி அவர உள்ள கூட்டினு வா” என்றார். அவர் மேஸ்திரியை ‘அவர்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மேஸ்திரி கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பு போட்டு, லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார். நிலைப்படியில் கொஞ்சம் தயங்கினார். சாரைப் பார்த்தார், சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளி அவருடைய பழைய இடத்தில் நின்றார். நான் உட்கார்ந்தேன். சீட் இருக்குமா போகுமா என்று தெரியவில்லை. விரலிலிருந்து வேர்வை கீபோர்டில் சொட்டியது, துடைக்கவில்லை.

“அந்த ஜாயின்ட்ட கொஞ்சம் பெருசாக்கும்மா” என்றார்.